பதினாறில் ஒரு பங்கு

பதினாறு பேரும் ஒரே நொடியில் வலது காலைத் தூக்கினார்கள். தூக்க நினைத்தவள் ஒருத்திதான்.

அவள் பெயர் எஸ்தர். ஒரு காலத்தில் மாநில அளவில் நெடுந்தூரம் ஓடிப் பதக்கம் வாங்கியவள். நாற்பதைத் தாண்டியும் உடம்பில் ஒரு பிடி சதை அதிகம் கிடையாது. அவளுக்குப் பின்னால் மூன்று வரிசையாக நின்ற பதினைந்து பேரும் இளம்பெண்கள். எடையைக் குறைக்காவிட்டால் ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்து அனுப்பியவர்கள். எல்லோர் இடுப்பிலும் சாம்பல் நிறப் பட்டை ஒன்று இறுக்கமாக இருந்தது. எஸ்தர் குதித்தால் அவர்களும் குதித்தார்கள். அவள் கைகளை வீசித் திரும்பினால் அந்தக் கூடமே திரும்பியது. கோவை சிங்காநல்லூரில், பழைய நூல் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். நடத்திய நிறுவனத்தின் பெயர் சமகதி.

கடைசி வரிசையில் நின்ற தாரணிகாவுக்கு இருபத்துமூன்று வயது. சர்க்கரை வந்துவிட்டது, மாதவிலக்கு நினைத்தால் வரும் நினைத்தால் வராது, ஈரலில் கொழுப்பு. கல்லூரியில் ஒருமுறை ஏரோபிக்ஸ் வகுப்பில் சேர்ந்தாள். இரண்டாம் பாட்டிலேயே முட்டி மடங்கி விழுந்தாள். விழுந்ததை யாரோ படம் பிடித்தார்கள். அன்றிரவே கல்லூரி முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. அதன்பின் அவள் ஓடியதும் இல்லை, ஆடியதும் இல்லை.

சமகதியில் சேர்ந்த அன்று, பட்டையைக் கட்டிவிட வந்த பொறியாளன் நித்தினிடம் அவள் கேட்ட முதல் கேள்வியே முட்டியைப் பற்றித்தான்.

"எஸ்தர்க்கா மாதிரி என்னால குதிக்க முடியாதுங்க. முட்டி போயிரும்."

"குதிக்க வெக்கறது பட்டை. முதுகுத் தண்டுல உக்காந்துக்கிட்டு, மேடத்தோட தசைக்குப் போற உத்தரவை உங்க தசைக்கும் அனுப்பும்."

"வலி?"

"அங்கதாங்க எங்க வித்தையே இருக்கு." நித்தின் சிரித்தான். மெலிந்த, கண்ணாடி போட்ட பையன். "பதினாறு பேரோட வலியையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து, ஆளுக்கு ஒரு பங்கு திருப்பிக் குடுத்துரும். உங்க முட்டி வலியில பதினாறுல ஒரு பங்குதான் உங்களுக்குத் தெரியும். மிச்சத்தை மத்தவங்க வாங்கிக்குவாங்க."

"அப்ப அவங்க வலி எனக்கு வருமே?"

"வரும். ஆனா மேடம் மாதிரி நோவே தெரியாத ஒடம்பு ஒண்ணு நடுவுல இருக்குதுல்லீங்களா, எல்லாருக்கும் லேசாயிடும். வலிக்குப் பயந்துதான் பாதிப் பேரு பாதியில ஓடிப் போறாங்க. இதுல ஒருத்தரும் ஓடறதில்ல. இன்னொண்ணு, வீட்டுலயும் கழட்டாதீங்க. காலைல மேடம் ஓடறப்ப, நீங்க காபி குடிச்சுட்டு உக்காந்திருந்தாலும் உங்க காலுத் தசை லேசா வேலை செய்யும்."

அவன் சொன்னது பொய்யில்லை. நான்கு மாதத்தில் தாரணிகாவின் சர்க்கரை இறங்கியது. பம்பு கம்பெனி அலுவலகத்தில் லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடியும் ஏறினாள். மாதம் தவறாமல் விலக்கானபோது அவள் அம்மா சந்தோஷத்தில் பாயசம் வைத்து, வைத்த பிறகு சர்க்கரை ஞாபகம் வந்து தானே குடித்துத் தீர்த்தாள். இவற்றையெல்லாம் விட, கூடத்தில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருத்தியின் முட்டி மற்ற பதினைந்து பேருக்கும் தெரியும். ஒருத்தியின் இடுப்பு எங்கே பிடித்துக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படியொரு நெருக்கத்தைத் தாரணிகா கூடப் பிறந்தவர்களிடம்கூட அறிந்ததில்லை.

அந்தப் பதினைந்து பேரில் கனிஷ்கா என்பவள் புதுசாகக் கல்யாணமானவள். அதிகம் பேச மாட்டாள். ஒண்டிப்புதூரில் வீடு. புருஷன் தருண் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தான். கல்யாணத்துக்குள் பெண் இளைத்துவிடுவாள் என்று அவள் அம்மா வாக்குக் கொடுத்திருந்தாளாம். இளைக்கவில்லை. அதனால்தான் சமகதிக்கு அனுப்பினார்கள்.

ஒரு சாயங்காலம் தாரணிகா அடுப்படியில் உட்கார்ந்து தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். இடப்பக்க விலாவுக்குக் கீழே சுருக்கென்று ஏதோ குத்தியது. சின்னக் குழந்தை கைமுஷ்டியால் இடித்ததைப் போலத்தான் இருந்தது. மறுபடி ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பயறு தரையில் சிதறியது.

"ஏன் கண்ணு? வாயுப் பிடிப்பா?" என்றாள் அம்மா.

வாயுப் பிடிப்புக்கு இப்படி இடைவெளி இருக்காது. இந்த வலிக்கு இருந்தது. ஒருவன் கையை ஓங்கி, மூச்சை இழுத்து, மறுபடி இறக்குகிற நேரம். எங்கேயோ ஒருத்தி அடி வாங்குகிறாள் என்று தாரணிகாவுக்குத் தெரிந்துவிட்டது. பதினாறில் ஒரு பங்கே இப்படி என்றால், அடி விழுகிற உடம்பில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகுதான் புரிந்தது. அங்கேயும் ஒரு பங்குதான்.

மறுநாள் காலை உடை மாற்றும் அறையில் ஷஹானா கதவைச் சாத்திவிட்டு நேராகக் கேட்டாள். ஷஹானா வாய்த்துடுக்குக்காரி, எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள்.

"நேத்து சாயங்காலம் யாரு வீட்டுலடி அடி விழுந்துச்சு?"

 எல்லோர் கையும் தன்னையறியாமல் இடப்பக்க விலாவுக்குப் போயிருந்தது. கனிஷ்கா மட்டும் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "கனி. சட்டையத் தூக்கு."

விலாவில் ஊதாவும் கறுப்புமாக மூன்று இடத்தில் கன்றியிருந்தது. 

"ஸ்டேஷனுக்குப் போலாம், எந்திரி," என்றாள் ஷஹானா.

"வேண்டாங்க்கா. எங்கப்பா போன மாசந்தான் நெஞ்சுல ஆபரேசன் பண்ணிட்டு வந்து படுத்திருக்கறாரு. கேட்டாருன்னா செத்தே போவாரு." கனிஷ்கா இன்னும் குனிந்தேதான் இருந்தாள். "பெருசா வலிக்கலீங்க. நெசமாலுமே வலிக்கல."

"ஏன் அடிச்சான்?"

"இங்க சேர்றதுக்கு முன்ன குண்டுன்னு அடிப்பாரு. நடுவுல விட்டிருந்தாரு. இப்ப, யாருக்காகடி எளைக்கறேன்னு அடிக்கறாரு."

எஸ்தர் புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்றாள். கனிஷ்கா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேர் பட்டையைக் கழற்றிவிடலாம் என்று முணுமுணுத்தார்கள்; அடுத்த வீட்டு அடியை நாம் ஏன் வாங்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். அப்போது தாரணிகா வாயைத் திறந்தாள்.

"கழட்டக் கூடாது. நாம கழட்டுனா அவ முழுசா வாங்கோணும். நாம கட்டியிருந்தா ஒரு பங்குதானே. அவ மனசு தேறி வெளிய வர்ற வரைக்கும் நாம சொமப்போம்."

கழற்றலாம் என்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். ஷஹானா மட்டும் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் அவளும் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் வேறாகிவிட்டன. ஒருத்தி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வாங்கினாள். ஒருத்தி மாமியாருக்குத் தோசை ஊற்றிக்கொண்டே வாங்கினாள். தாரணிகா அலுவலகத்தில் தொலைபேசியில் யாருக்கோ மோட்டார் விலை சொல்லிக்கொண்டிருக்கும்போது தோளில், முதுகில், தொடையில் வந்து விழும். பல்லைக் கடித்துக்கொண்டு விலையைச் சொல்லி முடிப்பாள். வலித்தது, ஆனால் அந்த வலியில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. தன் வாழ்நாளில் இன்னொருவருக்குப் பாரமாக மட்டுமே இருந்த உடம்பு, இப்போது இன்னொருத்தியின் பாரத்தைத் தாங்குகிறது.

அடிகள் மட்டும் கனமாகிக்கொண்டே போயின. குழந்தை இடித்ததுபோல் இருந்தது பெரியவன் இடித்ததுபோல் ஆனது. ஒருநாள் பயிற்சி முடிந்து படியிறங்கும்போது கனிஷ்காவிடம் தாரணிகா கேட்டாள்.

"ஏன் புள்ள, வரவர அதிகமாகுது?"

"நான் அழ மாட்டேங்கறேனாம்." கனிஷ்காவின் கீழுதடு வீங்கியிருந்தது. "முன்ன ரெண்டு அடியிலயே கத்திருவேன். அதோட விட்டுருவாரு. இப்பக் கத்தறதுக்கு வலிக்கவே மாட்டேங்குதுக்கா. 'ஒறைக்குதா இல்லியாடி'ன்னு கேட்டுக் கேட்டு அடிக்கறாரு. ஒறைக்கற வரைக்கும் அடிப்பேங்கறாரு."

தாரணிகா பாதிப் படியில் நின்றாள். இதை ஷஹானாவிடம் சொல்ல வேண்டும், எஸ்தரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் பட்டையைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றிய அன்று இவள் என்ன ஆவாள்? அந்தப் பயத்திலேயே சொல்லாமல் விட்டாள்.

அந்த வாரம் ஒரு உதை வந்தது. கை அல்ல, கால்; பட்டறையில் போடுகிற கனத்த பூட்ஸ் கால். பதினாறு பெண்களும் இருந்த இடத்தில் இரண்டாக மடங்கினார்கள். ஷஹானா ஸ்கூட்டரோடு சாலையில் சரிந்தாள். தாரணிகா குளியலறைச் சுவரில் சாய்ந்து மூச்சைத் தேடினாள். ஆனால் மறுநாள் கனிஷ்கா வழக்கம்போல் பயிற்சிக்கு வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். அடுத்த நாளும் வந்தாள். எல்லோருக்கும் வயிற்றில் ஒரு மந்தமும் இடது தோள்பட்டையில் ஒரு குடைச்சலும் இருந்தன. கை வீசும் பயிற்சி கூடிப்போயிற்று என்று பேசிக்கொண்டார்கள். எஸ்தரே தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள், இரண்டாவது பாட்டின் நடுவில் கனிஷ்கா நின்றாள். பட்டை அவள் கைகளை மேலே தூக்கியது. தூக்கிய கையோடு, "தலை சுத்துதுங்க்கா" என்று ஏதோ வேடிக்கையான விஷயம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுச் சரிந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எஸ்தர் தன் பட்டையை அணைக்க, கூடம் முழுக்கக் கைகள் தொங்கின.

அரசு மருத்துவமனையில் அவள் வயிற்றைத் திறந்து வைத்து நெடுநேரம் போராடினார்கள். மாலையில் ஒரு பெண் மருத்துவர் வெளியே வந்தார். தாரணிகாவும் எஸ்தரும் எழுந்து நின்றார்கள்.

"மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. எடுத்துட்டோம். பிழைச்சுக்குவாங்கன்னுதான் நினைக்கிறேன்." மருத்துவர் முகமூடியை இறக்கினார். "ஆனா இது இன்னிக்கு நடந்ததில்ல. ரெண்டு மூணு நாளா ரத்தம் உள்ளயே கசிஞ்சிருக்கு. வயிறு பூரா ரத்தம். இடது தோளு உயிர் போற மாதிரி வலிச்சிருக்கணுமே? அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலையா?"

தாரணிகாவின் கை தன் இடது தோளைத் தொட்டது.

"தோள்பட்டையில... குடைச்சலா இருந்துச்சுங்க."

"உங்களுக்கா? நான் அவங்களைக் கேட்டேம்மா."

எஸ்தர் பட்டையைப் பற்றிச் சொன்னாள். மருத்துவர் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்த களைப்பு போய் வேறொன்று வந்தது.

"வலிச்சிருந்தா முத நாளே அலறிக்கிட்டு வந்திருப்பாங்க. அக்கம்பக்கத்துல யாராச்சும் தூக்கிட்டு வந்திருப்பாங்க. நீங்க வலியத்தான் பங்கு போட்டீங்க. காயம் மொத்தமும் அவங்க ஒருத்தர்கிட்டத்தான் இருந்துச்சு." 

கனிஷ்காவின் இடுப்பிலிருந்து வெட்டியெடுத்த பட்டையை ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தாரணிகாவின் கையில் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு அவள் வராந்தா ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். சுமப்போம் என்று சொன்னது அவள் வாய்தான். ஒரு பெண்ணின் அலறலைப் பதினாறு துண்டாக வெட்டிப் பதினாறு வீட்டுக்குள் அமுக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். யாருக்கும் வீட்டில் இருக்க முடியவில்லை. தருண் மேல் புகார் கொடுக்கக் கேட்டபோது, ஸ்டேஷனில் பெண் அதிகாரி வருவதற்கு நேரம் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று எஸ்தர் பாட்டைப் போட்டாள். "ரெண்டே பாட்டு. அப்புறம் எல்லாரும் சேர்ந்து போறோம்." பழக்கத்தில் பட்டைகளை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். எஸ்தரோடு சேர்த்துப் பதினைந்து பேர். நடுவரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கியபோது மாடிக் கதவு உதைபட்டுத் திறந்தது. தருணை அதற்கு முன் தாரணிகா பார்த்ததில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தப் பூட்ஸ் கால் அவளுக்குப் பழக்கமானது. கையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புத் தடி வைத்திருந்தான்.

"என்ற பொண்டாட்டிய ஆட வெச்சே கொல்லப் பாத்தீங்களாடி, கொழுத்த முண்டைங்களா!" என்று கத்திக்கொண்டே வந்தான். மருத்துவமனையிலும் அப்படித்தான் சொல்லியிருந்தான்: குண்டுப் பெண்ணைக் குதிக்க வைத்து வயிற்றைக் கிழித்துவிட்டார்கள் என்று. தடியைச் சுவர்க் கண்ணாடியில் வீசினான். கூரைவரை இருந்த கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. முன்வரிசையில் நின்ற பெண்ணின் நெற்றியில் சில் தெறித்து ரத்தம் வழிந்தது. அந்த வலியின் துணுக்கு எல்லோர் நெற்றியிலும் சுரீரென்றது.

எஸ்தர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தாள். "தம்பி, கீழ போடு. போடுன்னு சொல்றேன்."

அவன் போடவில்லை. தடி அவள் காதுக்கு மேலே இறங்கியது. பச்சை மட்டையை முறித்தது போன்ற சத்தம். எஸ்தர் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தாள். பதினான்கு பேர் தலையிலும் அந்த அடியின் பங்கு இறங்கியது. அவள் தலைக்கடியிலிருந்து ரத்தம் தரைப் பலகையின் இடுக்கு வழியாக ஓடியது.

பாட்டு நிற்கவில்லை. யாரும் அதை அணைக்கவில்லை.

பதினான்கு வலது கால்கள் எழுந்தன.

முதல் உதை அவன் முட்டியில் பட்டது. முன்வரிசையில் நின்ற மூன்று பேரின் கால்களும் ஒரே அடியாக விழுந்தன. முட்டி பின்பக்கமாக மடங்கியது. அவன் அலறினான். தடி கையிலிருந்து உருண்டது. அவன் ஒற்றைக் காலில் திரும்பிக் கதவைப் பார்த்து நொண்டினான். கதவுக்கும் அவனுக்கும் நடுவில் கடைசி வரிசை நின்றது. தாரணிகா நின்றாள். தினமும் இந்தக் கூடத்தில் ஆயிரம் தடவை தூக்கிய கால்; தொண்ணூறு கிலோவைச் சுமந்து சுமந்து உரமேறிய கால். அது அவன் விலாவில் இறங்கியபோது உள்ளே எலும்பு விட்டுக்கொடுப்பதை அவள் பாதத்தில் உணர்ந்தாள்.

அவன் விழுந்தான். வட்டம் நெருங்கியது. ஒரு எட்டு முன்னால், ஒரு எட்டு பின்னால், தூக்கு, இறக்கு. யாரும் கத்தவில்லை, யாரும் திட்டவில்லை. எஸ்தர் சொல்லிக் கொடுத்தபடி மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட்டார்கள். "அக்கா... அக்கா வேண்டாங்க்கா..." என்று அவன் கெஞ்சியது தாளத்துக்கு நடுவே கேட்டது. குதிகால்கள் இடுப்பில் இறங்கின, முதுகில் இறங்கின, தரையில் விரிந்த கையில் இறங்கின. அவன் வாயிலிருந்து பல்லும் ரத்தமுமாக ஏதோ வந்தது. தாரணிகாவுக்குத் தன் முகத்தில் கண்ணீர் ஓடுவது தெரிந்தது. காலை நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்தது. கால் போய்க்கொண்டே இருந்தது.

பாட்டு முடிந்தபோதுதான் கால்கள் நின்றன.

விசாரணையில் பதினான்கு பேரும் ஒன்றையே சொன்னார்கள். "எங்க காலு எங்க பேச்சைக் கேக்கலீங்க." ஒத்துப் பேசி வைத்துக்கொண்டு சொன்னதல்ல, அப்படித்தான் நம்பினார்கள். தாரணிகாவும் நம்பினாள். எஸ்தர் அடிபட்ட அதிர்ச்சியில் அவள் உடம்பு ஏதோ உத்தரவு போட்டிருக்கும், அதைப் பட்டை பெருக்கி அனுப்பியிருக்கும். சமகதி நிறுவனமும் அதையே ஒப்புக்கொண்டது. இயந்திரக் கோளாறு, பட்டைகளைத் திரும்பப் பெறுகிறோம், வருந்துகிறோம். தருண் உயிரோடு இருந்தான். முதுகெலும்பு முறிந்திருந்தது. இனி நடக்க மாட்டான் என்றார்கள். எஸ்தருக்குத் தலையில் தையல் போட்டுக் கண் விழிக்க வைத்தார்கள். தடி ஓங்கியதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

பட்டையை வாங்கிக்கொள்ள நித்தின் தாரணிகாவின் வீட்டுக்கே வந்தான். காபி கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான்.

"என்னங்க யோசனை?"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. வெளிய சொல்ல மாட்டேன். அன்னிக்கு மொதல்ல காலத் தூக்குனது யாரு?"

"பட்டைதானே தூக்குச்சு."

நித்தின் இல்லையென்று தலையசைத்தான். "முன்னால நிக்கறவங்க மயங்கி விழுந்தா பின்னால நிக்கறவங்களும் விழுந்துறக் கூடாதுல்லீங்களா? அதனால மேடத்தோட உத்தரவு நின்ன நொடியே, மத்த பட்டையெல்லாம் தசைய விட்டுரும். அப்படித்தான் செஞ்சிருக்கோம். அன்னிக்கும் விட்டுருச்சு. மேடம் தரையத் தொடறதுக்கு முன்னாலயே விட்டுருச்சுங்க. அதுக்கப்பறம் உங்க காலுக்கு நாங்க ஒண்ணுமே அனுப்பல."

தாரணிகா பட்டையை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"இத ஏன் உங்க கம்பெனி போலீஸ்ல சொல்லல? உங்க மேல தப்பில்லன்னு ஆயிடுமே."

"அன்னிக்கு நடந்தத எடுத்துக் காட்டுனா, அதுக்கு முந்தி நடந்ததையும் காட்டுன்னு கேப்பாங்க." அவன் குரல் இறங்கியது. "அந்தப் பொண்ணு வாங்குன ஒவ்வொரு அடியும் எங்க ஆபீஸ் திரையில வந்துச்சு. எல்லாரும் பாத்தோம். பயிற்சி வலியில்லன்னு எல்லாருக்கும் தெரியும். வாடிக்கையாளர் சொந்த விஷயம்னு மேல சொன்னாங்க. விட்டுட்டோம். இப்ப மெஷின் கெட்டுப் போச்சுன்னு முடிச்சா எங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. விடுங்க. நான் கேட்டிருக்கவே கூடாது."

பட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆறிய காபி அப்படியே இருந்தது.

அன்று மாலை தாரணிகா மருத்துவமனைக்குப் போனாள். கனிஷ்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் மார்பிலிருந்து தொப்புள்வரை கட்டு. பக்கத்துப் படுக்கைக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"ஐயோ, எப்படி வலிக்குதுங்கறீங்க. இருமுனா உசிரு போகுது." கனிஷ்கா சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அந்தாளை மெஷின் அடிச்சுப் போட்டுருச்சுன்னு நர்ஸக்கா சொன்னாங்க. கேட்டதும் எனக்கு அழுவாச்சி வந்துருச்சு. அவருக்காக இல்லீங்க. எனக்காகக் கை ஓங்குனதுகூட ஒரு மெஷின்தானான்னு. அப்படி நெனச்சதுக்கு வெக்கமாவும் இருந்துச்சு."

தாரணிகா அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பொய்யாக ஆறுதல் சொல்ல நினைத்து வாயைத் திறந்தாள். வேறு வந்தது.

"மெஷின் இல்ல கனி. எஸ்தர்க்கா விழுந்ததுமே அது விட்டுருச்சாம். அடிச்சது நாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஆளுக்கு ஆளு தானாத் தூக்குன காலு."

 கனிஷ்காவின் விரல்கள் போர்வையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தன.

"அடிச்சது சரின்னு நான் சொல்ல மாட்டேங்க்கா. அடிபட்டவ நான். எனக்குத் தெரியும் அது எப்படின்னு." பிறகு தாரணிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் கை, பிடி மட்டும் இரும்பாக இருந்தது. "ஆனா அந்தாளு பண்ணுனதையும் பட்டைதான் பண்ணுச்சுன்னு நாளைக்குச் சொல்லுவாரு, பாருங்க. நான் வலிக்கலன்னு சொன்னேன்னு சொல்லுவாரு. எல்லாத்தையும் அது தலையில போட்டுட்டா, எனக்கு நடந்தது ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும்."

மறுநாள் தாரணிகா அம்மாவிடம் சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அம்மா பின்னாலேயே தெருமுனைவரை அழுதுகொண்டு வந்தாள், தடுக்கவில்லை.

பெண் ஆய்வாளர் அவளைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார். "கேஸை முடிக்கப் போறோம்மா. கம்பெனிக்காரன் ஒத்துக்கிட்டான். நீ எதுக்கு வந்து நிக்கற?"

"பொய் சொல்லிட்டேங்க. தெரியாமச் சொன்னது. இப்பத் தெரிஞ்சுபோச்சு." நின்றுகொண்டே நித்தின் சொன்னதைச் சொன்னாள், அவன் பெயரைச் சொல்லாமல். கனிஷ்காவின் உடம்பில் விழுந்த ஒவ்வொரு அடியையும் சொன்னாள். எந்த நாள், எந்த இடம் என்று அவள் உடம்புக்கு ஞாபகம் இருந்தது. கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது என்றாள். கடைசியாகக் கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். ஆய்வாளர் நடுவில் ஒரு தடவை எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதைச் சொன்னா நீ உள்ள போவே. தெரியுமா?"

"தெரியுங்க."

"உன்னோட பதிமூணு பேரு இருந்தாங்க. அவங்களும் வேணும்னேதான் அடிச்சாங்கன்னு எழுதிக்கட்டுமா?"

தாரணிகாவுக்கு ஷஹானாவின் முகம் வந்தது. நெற்றியில் கண்ணாடி கிழித்த பெண்ணின் முகம் வந்தது. மாமியாருக்குத் தோசை ஊற்றியவளின் முகம் வந்தது.

"என்ற காலுக்கு நான் சொல்றேங்க," என்றாள். "அவங்க காலு அவங்களோடது."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாரணிகா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முட்டி வலித்தது. யாரோடும் பங்கு போடாத, முழு வலி. உள்ளங்கையால் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

செய்தி எப்படியோ பரவியிருந்தது. மதியத்துக்கு முன்னால் ஷஹானா வந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு நேராக ஆய்வாளரின் அறைக்குப் போனாள். பிறகு ஒருத்தி. சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் வந்திருந்தார்கள்.

மற்ற எட்டுப் பேர் வரவில்லை.